மட்டாஞ்சேரியில் இருபது பை ஸ்ட்ராபெரி

கொச்சிக்குப் போய் வந்தவர்கள் சீன வலையைப் பற்றி எழுதுவார்கள், யூதர் தெருவைப் பற்றி எழுதுவார்கள். நான் சீன வலையைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் தப்பான படகில் ஏறியதால். யூதர் தெருவுக்குப் பத்து நிமிட நடையில் ஒன்பது நாள் தங்கியிருந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இருபது பை ஸ்ட்ராபெரி அழுகாமல் இருக்கிறதா என்று காத்திருப்பதுதான் அங்கே எனக்கு வேலை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். என் அக்கா தனத்துக்குக் கொடைக்கானல் மலையில் அரை ஏக்கர் நிலம். அத்தான் இறந்தபின் அதில் பூண்டு போட்டு வந்தாள். பூண்டை அவளுடைய கொழுந்தன்மார் இருவர்தான் மண்டிக்குக் கொண்டு போவார்கள். அவர்கள் கொடுத்தது விலை, சொன்னது எடை. அந்தப் பிடியிலிருந்து அவள் விடுபட வேண்டும் என்று நான்தான் ஸ்ட்ராபெரி போடச் சொன்னேன். போட்டாள். பழம் அமோகமாகக் காய்த்தது. ஆனால் பறித்த மூன்றாம் நாள் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துவிடும். மீந்ததை ஜாம் போடுகிறவர் ஒருவர் வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு அள்ளிப் போவார். இந்தப் பருவத்திலும் அதுவே கதி என்றால் செடியைப் பிடுங்கிவிட்டுப் பூண்டுக்கே, அதாவது கொழுந்தன்களுக்கே, திரும்புவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். கனமான பாலிதீன் பையில் பழத்தைப் போட்டு, நாலு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு கரியமில வாயு அடைத்து, வாயை மெழுகுவர்த்திச் சுடரில் உருக்கி ஒட்டிக் குளிரில் வைத்தால் பூசணத்துக்கு மூச்சு முட்டிவிடும். பழம் இரண்டு வாரம் தாங்கும். ஆய்வுக்கூடத்தின் மூலையில் யாருக்கும் தெரியாமல் ஆறு முறை செய்து பார்த்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் நான் கண்டுபிடித்த ஒரு உலர்த்தும் முறையை என் மேலதிகாரி தன் பெயரில் அச்சிட்டுக்கொண்டார். சூடு கண்ட பூனையாகிவிட்டேன்.

மட்டாஞ்சேரியில் ஹம்சா என்று ஒரு முதலாளி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, இறைச்சி, காய்கறி, பழம் எல்லாம் ஏற்றி அனுப்புகிறவர். வெளிநாட்டுக் கப்பலின் அதிகாரிகள் ஸ்ட்ராபெரி கேட்கிறார்கள் என்றும், கப்பல் வரும் நாள்வரை கெடாமல் இருந்தால் பருவம் முழுவதும் அக்காவின் பழத்தை எடுத்துக்கொள்வதாகவும் கடிதம் எழுதியிருந்தார். மூன்றாம் நாள் கப்பல். அதற்காகத்தான் பயணம்.

முதல் நாள் காலை பஜார் ரோட்டில் இறங்கியபோதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் மலையில் மூச்சு விட்டால் புகை வரும், இங்கே மூச்சு விடுவதே தண்ணீருக்குள் விடுவது மாதிரி இருந்தது. தெரு முழுக்க மிளகும் சுக்கும். கிடங்கு வாசலில் வியாபாரிகள் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி மிளகை அள்ளி, வந்தவன் போனவன் எல்லாருடைய உள்ளங்கையிலும் கொட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மிளகுக்கு என்ன, மூட்டையில் கட்டிப் போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மலையில் அடைத்த பை கடல்மட்டத்துக்கு வந்தால் காற்றழுத்தத்தில் சுருங்கிப்போகும். ஆகவே பழத்தை மரப்பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்து, வாயுவைக் கொச்சியில்தான் அடைத்தேன். அதற்கு ஒரு சோடாக் கடையைப் பிடித்தேன். சிலிண்டர் வைத்து கோலி சோடா நிரப்புகிற சின்னக் கடை. பின்கட்டில் சிலிண்டர் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைக்காரர் வெளியே நின்று கதவைத் தட்டினார். அவர் மலையாளத்தில் கேட்டது எனக்கு இப்படித்தான் விளங்கியது: "என் கடையில் என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே என்ன செய்கிறாய்?" நான் பதில் சொல்லாமல் இருபது பையையும் அடைத்து முடித்தேன். ஒவ்வொன்றும் கன்னத்தை உப்பிய குழந்தை மாதிரி விண்ணென்று நின்றது.

பைகளை வைக்க முதலாளி ஏற்பாடு செய்திருந்தது காயலோரத்தில் இருந்த ஒரு குளிர்கிடங்கு. இறால் ஏற்றுமதிக்கானது. பொறுப்பில் இருந்தவர் கோபாலன், ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளிக் குல்லாய். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஞங்களும் தமிழாளுதான் சாரே. பாலக்காட்டுலேர்ந்து வந்து மூணு தலைமுறையாச்சு. பேச்சு தமிழ் வரும், எழுத்துன்னா மலையாளந்தான்."

பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இதுக்குள்ள என்ன அடைச்சிருக்கு?"

"சும்மா காத்துதான். நசுங்காம இருக்க."

"வேற ஒண்ணுமில்லையே?"

"வேற என்ன இருக்கப் போகுது? யாரும் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"திறக்கமாட்டேன். என்ட கையில தந்தாச்சுல்ல, இனி நீங்க பேடிக்க வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்கிறார். சுகாதார விதிப்படி வெளியாள் கிடங்குக்குள் போக முடியாது. இறாலை ஏற்றும் நேரத்தில் மட்டும் பெரிய கதவைத் திறப்பார்கள். நான் வாசலோடு திரும்பினேன்.

இரண்டாம் நாள் முழுவதும் விடுதியில் கிடந்தேன். விடுதிக்காரர் கொடுத்த தண்ணீர் வெந்நீராகவும் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. ஏதோ மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சுகிறார்களாம். எங்கள் ஊரில் அந்த நிறத்தில் தண்ணீர் வந்தால் பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சண்டை போடுவோம். சோறு, ஒவ்வொரு பருக்கையையும் தனியாக மெல்ல வேண்டிய அளவுக்குத் தடிமனாக இருந்தது. மத்தியானம் கோபாலன் தானாகவே விடுதிக்கு வந்து, சாயாக் கடைக்கு இழுத்துப் போய், கப்பையும் மத்திக் குழம்பும் வாங்கிக் கொடுத்தார். மரவள்ளிக்கிழங்கைத்தான் கப்பை என்கிறார்கள். குழம்பு புளியும் காரமுமாக மூக்கில் ஏறியது. ஒன்பது நாளில் நான் ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

"பை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "சுகமா இருக்கு சாரே. நான் இருக்கேன்ல." பிறகு பேச்சை மாற்றி என் அக்காவைப் பற்றி விசாரித்தார். நான் கொழுந்தன்கள் கதையைச் சொன்னேன். அவர் கப்பையைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பாவம் அந்தச் சேச்சி" என்றார்.

மூன்றாம் நாள் கப்பல் வரவில்லை. வந்ததுதான், ஆனால் துறையில் நிற்க இடமில்லாமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்தது. எப்போது உள்ளே வரும் என்று கேட்டதற்கு முதலாளியின் குமாஸ்தா வானத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். தாமதம் ஆக ஆக நல்லது. மற்றவன் பழமெல்லாம் அழுகும்போது என் பழம் நிற்கும். தாமதத்தை ஜெயிப்பதற்குத்தானே இந்த வித்தையே.

ஐந்தாம் நாள் கோபாலன் காலையிலேயே சொன்னார்: "இன்னைக்கு நாலு மணிக்கு இறால் லோடு வெளிய போகுது. கதவு திறந்திருக்கும். வந்து வாசல்ல நின்னே பாத்துக்கலாம். நேரத்துக்கு வரணும்."

அதற்குள் படகில் அக்கரை எர்ணாகுளம் போய் அக்காவுக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். மலையில் தபாலாபீஸில் மட்டும்தான் போன். மூன்று மணி நேரம் காத்திருந்து கிடைத்த இணைப்பில், "அக்கா, கவலைப்படாதே" என்று நான் கத்தியதும், அவள் "சாப்பிட்டியாடா" என்று கத்தியதும்தான் கேட்டது. ஓட்டமாக ஓடிவந்து படகுத்துறையில் நின்ற படகில் ஏறினேன். போர்டு எல்லாம் மலையாளம். எனக்கு அது ஜிலேபி பிழிந்த மாதிரிதான் தெரியும். படகு நடுக்காயலுக்குப் போனபின் பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் "மட்டாஞ்சேரிதானே?" என்றேன். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு மற்றவர்களுக்கும் சொன்னாள். படகு முழுக்கச் சிரித்தது. வல்லார்பாடம் போகிற படகு அது.

வல்லார்பாடத்தில் ஒரு மாதா கோவில், தென்னை மரம், சேறு. திரும்பிப் போகும் படகுக்கு ஒன்றரை மணி நேரம். கரையோரம் சீன வலைகள் தண்ணீரில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. நாலு பேர் தொங்கி இழுத்து ஒரு வலையைத் தூக்கினால் உள்ளே கையளவு மீன். ரொம்பப் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். மட்டாஞ்சேரிக்கு நான் வந்து சேர்ந்தபோது ஆறு மணி, கதவு சாத்தியாகிவிட்டது.

"சாரமில்ல சாரே, எல்லாம் சுகமா இருக்கு" என்றார் கோபாலன். பரவாயில்லை என்பதற்கு அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆறு, ஏழு, எட்டு. மூன்று நாளும் மழை. விடுதிச் சுவரில் தொங்கிய என் பெல்ட்டுக்குக்கூடப் பச்சைப் பூசணம் பிடித்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன். இந்த ஊரில் தோல் கெடும், ரொட்டி கெடும், என் அக்காவின் பழம் கெடாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

ஒன்பதாம் நாள் கப்பல் துறைக்கு வந்தது. கப்பலின் சமையற்கூடத்துக்குப் பொறுப்பான கோவாக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்திறங்கினார். ஹம்சா முதலாளி அவரைத் தன் காரிலேயே கிடங்குக்கு அழைத்து வந்தார். வாசலில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கோபாலன் உள்ளே போய்ப் பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார்.

நான் பார்த்தேன். பைகள் விண்ணென்று இல்லை. ஈரத்துணி மாதிரி பழத்தின்மேல் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு பையின் தோளிலும் சின்னதாக ஒரு பிளாஸ்திரி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவதைப் போல, ஒழுங்காக ஒட்டியிருந்தது. உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு. சில பைகளில் பழமே தெரியவில்லை.

"யார் தொட்டது?" என்றேன்.

"நான்தான்" என்றார் கோபாலன். ஒளிக்கவில்லை. "வெறும் காத்துன்னா குளிர்ல சுருங்கணும். ரெண்டாம் நாள் காலையில பாத்தேன், எல்லாம் வீங்கியே நிக்குது. டின் செக்ஷன்ல பதினோரு வருஷம் நின்னவன் சாரே நான். இறால் டின்னு வீங்கினா உள்ள கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஒரு டின் வெளிய போனா தின்னவன் செத்துப்போவான். அந்தக் காத்தை இறக்கிட்டாலாவது பழம் பிழைக்கும்னு நினைச்சேன். திறக்கலை. ஊசிதான் குத்தினேன். அமுக்கிக் காத்தை எடுத்துட்டு ஒட்டி வெச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க சரக்கு கெட ஆரம்பிச்சிருச்சுன்னு முதலாளி காதுல விழுந்தா உங்களுக்கு நாணக்கேடு. அதான் நானே சரியாக்கிடலாம்னு..."

நான் அவரைத் திட்டினேன். கப்பை வாங்கிக் கொடுத்த மனிதரை, அவருடைய ஆட்கள் பத்துப் பேர் முன்னால், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மீன் நாற்றத்தில் மூளை மரத்தவர் என்றுகூடச் சொன்னேன். அது வெறும் காற்றில்லை, அதைக் குத்தியதால் என் அக்காவின் வாழ்க்கை போயிற்று என்று கத்தினேன்.

அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க காத்துன்னுதானே சொன்னீங்க சாரே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

அந்த நேரத்தில் உள்ளிருந்து ஒரு தொழிலாளி இன்னும் இரண்டு பைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். இறால் தட்டுகளுக்குப் பின்னால் நின்றதால் கோபாலனின் ஊசிக்குத் தப்பிய பைகள். உப்பலாக இருந்தன. உள்ளே பழம் இன்று காலை பறித்த மாதிரி, காம்பின் பச்சைகூட வாடாமல் இருந்தது. கோவாக்காரர் ஒரு பையைக் கிழித்து ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்தார், கடித்தார், இன்னொன்று எடுத்தார். பேசாமல் அந்தப் பையைத் தீர்த்துவிட்டு முதலாளியைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஹம்சா முதலாளி நிதானமான மனிதர். அவர் மலையாளத்தில் சொன்னதை ஒரு சொல் விடாமல் இன்றும் தமிழில் சொல்ல முடியும். "இருபதில் பதினெட்டு போயிற்று. பரவாயில்லை, இரண்டு நின்றதே, அது போதும் எனக்கு. அடுத்த வாரம் இன்னொரு கப்பல் வருகிறது. திரும்பவும் கொண்டு வா, நானே என் ஆட்களிடம் சொல்லி வைக்கிறேன். காற்றில்லை என்கிறாயே, அப்படியானால் அது என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோபாலனும் பார்த்தார்.

சொல்லியிருக்கலாம். சோடாவில் இருக்கிற அதே வாயு, நாலுக்கு ஒன்று. இரண்டு வரியில் முடிகிற விஷயம். ஆனால் எனக்கு அந்த மேலதிகாரியின் முகம்தான் தெரிந்தது. இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு இவரே ஊட்டியிலிருந்து பழம் இறக்கித் தானே அடைத்துக்கொள்வார், அக்காவை யார் சீந்துவார்கள் என்று தோன்றியது. அக்காவுக்காகத்தான் யோசித்தேன் என்று அப்போது நம்பினேன்.

"அது ஒரு தொழில் ரகசியம்" என்றேன்.

முதலாளி கோவாக்காரரின் காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தின்கிற பொருளுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லாதவனிடம் நான் எப்படி வாங்குவேன்? கப்பலில் நாற்பது பேர் இருக்கிறார்கள்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து காருக்குப் போய்விட்டார்.

ரகசியம் என்றேனே, அந்த ரகசியம் எங்கள் கல்லூரி நூலகத்தில், யாரும் எடுக்காத ஒரு தடித்த புத்தகத்தில் படம் போட்டு இருந்தது. நானும் அங்கிருந்துதான் எடுத்தேன்.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது கோபாலன் விடுதி வாசலில் நின்றார். மிஞ்சிய ஒரு நல்ல பையை மரத்தூளும் ஐஸும் வைத்துச் சின்னப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"ஐஸ் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிக்கும். சேச்சிக்குக் காட்டுங்க. பழத்துமேல தப்பில்ல, என்மேலதான் தப்புன்னு சொல்லுங்க" என்றார்.

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நன்றிகூடச் சொன்னேனா என்று நினைவில்லை.

ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை அக்காவிடம் காட்டினால் தாங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மற்ற பத்தொன்பது என்ன ஆயிற்று என்று கேட்பாள். கோபாலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபாலனிடம் நான் சொன்ன பொய்யைச் சொல்ல வேண்டும். முதலாளி இன்னொரு கப்பல் தருகிறேன் என்றதையும், நான் வாயை மூடிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். திருச்சூர் தாண்டியதும் பெட்டியைப் பிரித்தேன். பையைப் பல்லால் கிழித்தேன். எதிரில் இருந்தவர்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல், வாளையார் வருவதற்குள் அத்தனை பழத்தையும் நானே தின்று தீர்த்தேன். நன்றாக இனித்தது. பெட்டியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கப்பல் ஆறு நாள் தாமதம், எல்லாம் அழுகிவிட்டது என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"இந்தப் பழம் தாங்காதுன்னு எனக்கு முதல்லயே தெரியும்டா. நீ அவ்வளவு ஆசையா சொன்னியேன்னுதான் நட்டேன். விடு, நீ என்ன பண்ணுவ."

தாங்கியது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒரு பழம்கூட இல்லை. அவள் கைமண்ணைத் தட்டிக்கொண்டு, எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, பெரிய கொழுந்தன் வீட்டுக்கு விதைப்பூண்டு கேட்கப் புறப்பட்டாள்.